ஜெரேனியமா, பெலார்கோனியமா? தமிழ்ல என்னன்னு சொல்றது?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீட்டு வாசல்ல தொட்டில கொத்துக்கொத்தா ரத்தச்சிவப்பா பூத்து நிக்குமே ஒரு செடி, நர்சரில கேட்டா ஜெரேனியம்னுதான் சொல்லுவாங்க, ஆனா அது ஜெரேனியம் இல்லைங்க, பெலார்கோனியம்.

குழப்பம் லின்னேயஸ் காலத்துது, செடிகளுக்கு அறிவியல் பேரு வைக்கிற முறைய கொண்டு வந்த ஸ்வீடன்காரர். மனுஷன் 1753ல ரெண்டையும் சேர்த்து ஜெரேனியம்னே எழுதிட்டாரு. 1789ல லெரித்தியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இத தனியா பிரிச்சு பெலார்கோனியம்னு வச்சாரு, ஆனா அதுக்குள்ள தோட்டக்காரங்க வாயில பழைய பேரு ஒட்டிக்கிச்சு, இன்னிக்கு வரைக்கும் போகல.

ரெண்டு செடியோட பேரும் கிரேக்கம், ரெண்டுமே பறவை! கெரானோஸ்னா கொக்கு, பெலார்கோஸ்னா செங்கால் நாரை. பூ உதிர்ந்தப்புறம் வர்ற காய் கூரா நீளமா அலகு மாதிரி இருக்கும், அதான் காரணம். வித்தியாசம் தெரியணும்னா இதழ பாருங்க, ஜெரேனியத்துல அஞ்சும் ஒரே மாதிரி இருக்கும், பெலார்கோனியத்துல மேல ரெண்டு ஒரு தினுசு, கீழ மூணு ஒரு தினுசு (அடுக்குப்பூ ரகத்துல இது தெரியாது).

இன்னொரு விஷயம், ஸ்ட்ராபெர்ரிக்கு சிவப்பு குடுக்குற நிறமி பேரு பெலார்கோனிடின், அந்தப் பேரே இந்த செடில இருந்து வந்ததுதான். சிவப்பு ரகங்களோட தாய்ச்செடி ஒண்ணு தென்னாப்பிரிக்காவுல இருக்கு, அதுக்கு இன்க்வினன்ஸ்னு பேரு, லத்தீன்ல கறை பண்றதுன்னு அர்த்தம், இலைய கசக்குனா கை பழுப்பாயிடும்.

சரி, தமிழ்ல? என் ஓட்டு நாரையலகுக்கு. ஜெரேனியத்த கொக்கலகுன்னு விட்டுடலாம். சிவப்பு ரகம்தானேன்னு செந்நாரையலகுன்னு மட்டும் வச்சிடாதீங்க, செந்நாரைன்னு நெசமாவே வேற ஒரு பறவை இருக்கு, திரும்ப குழப்பம்தான். சிவப்பு நாரையலகு போதும்.

வளக்குறது ஈசி. நாலு இஞ்ச் தண்ட வெட்டி, வெட்டுவாய் கொஞ்சம் காஞ்சப்புறம் மணல் கலந்த மண்ணுல நட்டா புடிச்சுக்கும், மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி, தேங்குச்சுன்னா அடித்தண்டு கருத்து அழுகிடும். சமவெளி வெயில்ல ரொம்ப வாடும், காலை வெயில் மட்டும் படுற எடமா வைங்க. வாடுன கொத்த காம்போட கிள்ளிட்டே இருந்தா நெறைய பூக்கும், ஆனா அப்படி கிள்ளிட்டா அலகு வராது, அதனால அடுக்கு இல்லாத ரகத்துல ஒரு கொத்த மட்டும் விட்டு வச்சு பாருங்க.