பகுதியில் x வந்தால் வகைக்கெழு ஏன் தடுமாறுகிறது?

நுண்கணிதம் சொல்லிக்கொடுக்கும் எவரும் விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு வரி உண்டு. 1/x³ என்ற சார்பின் வகைக்கெழுவை, அதாவது x மாறும்போது அதன் மதிப்பு மாறும் வீதத்தை, கேட்டிருப்போம். 1/(3x²) என்று விடை வந்திருக்கும். எழுதியவருக்கு அடுக்கு விதி தெரியாமல் இல்லை. x³ என்று நேராகக் கேட்டிருந்தால் 3x² என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார். x பின்னக் கோட்டுக்குக் கீழே போனதும், அதே விதியைக் கீழேயே பயன்படுத்திவிட்டு, மேலே இருக்கும் 1-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்.

கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது எளிது. பல வருடங்களாக இதைத் திருத்திவரும் அனுபவத்தில் சொல்கிறேன், இது கவனக்குறைவு இல்லை. விதியை வெறும் கைவேலையாகப் பழகியதன் விளைவு. "அடுக்கை முன்னால் கொண்டுவா, அடுக்கில் ஒன்றைக் குறை" என்று மட்டும் மனதில் பதிந்திருக்கிறது. அந்த விதி எந்த வடிவத்துக்குப் பொருந்தும், வரப்போகும் விடை எப்படி இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளும் அந்தப் பாடத்தில் சேரவே இல்லை.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். x மிகை எண்ணாக இருக்கும்போது 1/x³ எப்படிப் போகிறது? x = 1 எனில் 1. x = 2 எனில் 1/8. x = 3 எனில் 1/27. x ஏற ஏற மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறது. இறங்கும் சார்பின் வகைக்கெழு மிகை எண்ணாக வரவே முடியாது. 1/(3x²) எப்போதும் மிகை எண். ஆக, அது விடை இல்லை. இதைச் சொல்ல எந்த விதியும் தேவைப்படவில்லை பாருங்கள். பேனாவை எடுக்கும் முன்பே விடையின் குறி நமக்குத் தெரிந்துவிட்டது.

சரி, முறையாகச் செய்வது எப்படி? 1/x³ என்பதை x⁻³ என்று எழுதுங்கள். இப்போது அது x-இன் ஓர் அடுக்கு. அடுக்கு விதி இதற்குப் பொருந்தும். −3 முன்னால் வருகிறது. −3-இல் ஒன்றைக் கழித்தால் −4. ஆக விடை −3x⁻⁴, அதாவது −3/x⁴. பொதுவாகச் சொன்னால், 1/xⁿ-இன் வகைக்கெழு −n/xⁿ⁺¹. இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, x⁻ⁿ என்று மாற்றி எழுதும் அந்த ஒரு வரியை விடாமல் எழுதுங்கள் என்றுதான் மாணவர்களிடம் வற்புறுத்துவேன். மனதுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த வரியைத் தாண்டிப் போகிறவர்களிடம்தான் பிழை அதிகம் பார்க்கிறேன்.

அந்த வரியை எழுதிய பிறகும் ஒரு வழுக்கல் காத்திருக்கிறது. x⁻³-ஐ வகையிட்டு −3x⁻² என்று முடிப்பவர்கள் ஏராளம். ஒன்றைக் குறை என்றதும் 3 என்ற இலக்கம் 2 ஆகிவிடுகிறது. அதன் முன்னால் நிற்கும் மைனஸ் கண்ணில் படுவதில்லை. எண்கோட்டில் −3-இலிருந்து ஒன்றைக் கழித்தால் இடப்பக்கம் நகர்ந்து −4-க்குத்தான் போவோம். என் பார்வையில் இந்தப் பிழைதான் முந்தையதைவிட ஆபத்தானது. குறி சரியாக மைனஸில் இருப்பதால், பார்த்தால் சரியான விடை போலவே தெரியும். எழுதியவருக்குச் சந்தேகமே வராது.

இதைப் பிடிக்க எண்களை வைத்துப் பார்த்துவிடுவதுதான் நல்லது. x = 2-இல் 1/x³-இன் மதிப்பு 0.125. கொஞ்சம் தள்ளி x = 2.01-இல் பார்ப்போம். 2.01-இன் கனம் 8.120601, அதன் தலைகீழி ஏறத்தாழ 0.123144. மதிப்பு 0.001856 அளவுக்குக் குறைந்திருக்கிறது. அதை 0.01-ஆல் வகுத்தால் மாறுவீதம் ஏறத்தாழ −0.1856. இப்போது மூன்று விடைகளிலும் x = 2 என்று போடுங்கள். 1/(3x²) கொடுப்பது 0.083. −3x⁻² கொடுப்பது −0.75. −3/x⁴ கொடுப்பது −0.1875. எது சரி என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2.01-க்குப் பதிலாக 2.001 எடுத்தால் மாறுவீதம் −0.1873 என்று இன்னும் நெருங்கி வரும். கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. வகைக்கெழு என்றால் உண்மையில் என்ன என்பதும் இந்த அரை நிமிடத்தில் மறுபடி ஞாபகத்துக்கு வரும். எனக்கு அதுதான் இன்னும் முக்கியம்.

அந்த மைனஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் மாணவர்கள் வகுப்புக்கு ஓரிருவராவது இருப்பார்கள். அவர்களுக்கு 1/x-ஐ எடுத்து, எல்லை வரையறையிலிருந்தே போட்டுக் காட்டலாம். x-இலிருந்து x+h-க்கு நகரும்போது சார்பில் வரும் மாற்றம் 1/(x+h) − 1/x. பொதுப் பகுதி எடுத்தால் மேலே x − (x+h) என்று வரும்; அது −h. கீழே x(x+h). h-ஆல் வகுத்தால் −1/(x(x+h)). h பூச்சியத்தை நெருங்கும்போது −1/x². இதில் இரண்டு விஷயங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. பெரிய எண்ணால் வகுத்தால் சிறிய எண் வருகிறது, அதனால்தான் மைனஸ். பொதுப் பகுதி எடுக்கும்போது கீழே x இன்னொரு முறை பெருக்கப்படுகிறது, அதனால்தான் கீழே அடுக்கு கூடுகிறது. x⁻ⁿ-க்கும் அடுக்கு விதி செல்லும் என்று நம்பச் சொல்லாமல் நிறுவவும் முடியும். xⁿ-ஐயும் 1/xⁿ-ஐயும் பெருக்கினால் எப்போதும் 1. மாறிலியின் வகைக்கெழு பூச்சியம். பெருக்கல் விதியைப் போட்டு மாற்றி எழுதினால், 1/xⁿ-இன் வகைக்கெழு அந்தச் சார்பையே −n-ஆல் பெருக்கி x-ஆல் வகுத்தது என்று வந்துவிடும். இந்த வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல என்பதற்கு ஒரு சான்று. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1684-இல் ஆக்டா எருடிடோரம் இதழில் வகையிடல் விதிகளை முதன்முதலாக வெளியிட்டபோது, xᵃ-க்கான விதியோடு நிறுத்தவில்லை. 1/xᵃ-க்கான விதியையும் தனியாக எழுதி, எடுத்துக்காட்டாக 1/x³-ஐயே போட்டுக் காட்டினார். அடுக்கு குறை எண் ஆனால் பின்னம், அடுக்கு பின்னம் ஆனால் மூலம், ஆகவே முதல் விதி ஒன்றே போதுமானது என்று அவரே குறிப்பிடுகிறார். இருந்தாலும், அடிக்கடி வரக்கூடியது என்பதாலும் விஷயம் ஏற்கெனவே சிக்கலானது என்பதாலும், படிப்பவர்கள் தாங்களே வருவித்துக்கொள்ளட்டும் என்று விடாமல் தானே எழுதித் தருகிறார். கற்பிக்கிறவர்கள் இந்த அக்கறையைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடுக்கு விதியைச் சொல்லிவிட்டோம், மீதியை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நகர்ந்துவிடுகிறோம். அப்புறம் விடைத்தாளில் 1/(3x²) வந்தால் கோபப்படுகிறோம்.

மாறிலி கூடச் சேர்ந்தால் குழப்பம் இன்னொரு வகை. 1/(5x²)-ஐ 5x⁻² என்று எழுதிவிடுகிறார்கள். மேலே வந்தது x மட்டும்தான். 5 கீழேயேதான் இருக்கிறது. (1/5)x⁻² என்று எழுதினால் விடை −2/(5x³). அதேபோல 1/√x என்றால் x-இன் அடுக்கு −1/2, ஒன்றைக் கழித்தால் −3/2, விடை −1/(2x√x). இதில் புதிதாக ஒன்றும் இல்லை, பின்னக் கழித்தல் மட்டும் சரியாக வர வேண்டும்.

ஆனால் 1/(x²+1) அப்படி இல்லை. இதை x⁻² + 1 என்று பிரித்து எழுதி −2x⁻³ என்று முடிப்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் இங்கே தவறியது நுண்கணிதம் அல்ல, பின்னத்தின் அடிப்படை. கூட்டலின் தலைகீழி, தலைகீழிகளின் கூட்டல் ஆகாது. முழு அடைப்பையும் சேர்த்து (x²+1)⁻¹ என்று எழுதி, சங்கிலி விதியைப் போட்டால் (வெளி அடுக்கை வகையிட்டு, அடைப்புக்குள் இருப்பதன் வகைக்கெழுவாலும் பெருக்கினால்) −2x/(x²+1)² வரும். இங்கேயும் விடை எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். x = 0-இல் பகுதி மிகச் சிறியது, ஆகவே சார்பு உச்சத்தில் இருக்கிறது; அங்கே தொடுகோடு கிடையாக, சாய்வு பூச்சியமாக இருக்க வேண்டும். −2x/(x²+1)² பூச்சியம் தருகிறது. −2x⁻³ அந்த இடத்தில் வரையறுக்கப்படவே இல்லை. 1/(3x−2)⁴ போன்றவற்றில் உள்ளே இருக்கும் 3-ஐ மறந்துவிடுவார்கள். சரியான விடை −12/(3x−2)⁵.

வகுத்தல் விதியைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். போடலாம், தப்பே இல்லை. 1/x³-க்கு மேலே x³·0 − 1·3x², கீழே x⁶. சுருக்கினால் அதே −3/x⁴. ஆனால் தொகுதி வெறும் மாறிலியாக இருக்கும்போது அது சுற்றுவழி. 1-இன் வகைக்கெழுவை 1 என்று எழுதுவது, கழித்தலின் வரிசையை மாற்றுவது, கீழே வர்க்கம் போட மறப்பது என்று தவறுவதற்கான இடங்கள் கூடுகின்றன. தொகுதியிலும் x இருந்தால் மட்டும் அதை எடுங்கள் என்பது என் ஆலோசனை.

மேலே x மிகை எண் என்று சொல்லியே பேசினேன்; அதற்குக் காரணம் இருக்கிறது. 1/x²-இன் வகைக்கெழு −2/x³. முன்னால் மைனஸ் இருப்பதைப் பார்த்து எங்கும் இறங்குகிறது என்று எழுதிவிடக் கூடாது. x குறை எண் எனில் x³-உம் குறை எண். அப்போது −2/x³ மிகை எண், சார்பு ஏறுகிறது. 1/x-க்கு வகைக்கெழு −1/x², அது எங்குமே மைனஸ்தான்; ஆனாலும் x = −1-இல் மதிப்பு −1, x = 1-இல் மதிப்பு 1. இறங்கிக்கொண்டே போனது எப்படி மேலே வந்தது? நடுவில் x = 0-இல் சார்பே இல்லை. இரண்டு துண்டுகளிலும் தனித்தனியாக இறங்குகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றினால், ஈர்ப்பு விசையைப் பாருங்கள். அது தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது, அதாவது 1/x² வடிவம். வகைக்கெழு சார்பையே −2-ஆல் பெருக்கி x-ஆல் வகுத்தது என்பதால், தூரம் 1 சதவீதம் கூடினால் விசை ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். கடல் ஓதங்கள் இந்த வகைக்கெழுவைச் சார்ந்தவை. பூமியின் அருகுப் பக்கமும் தொலைவுப் பக்கமும் வெவ்வேறு அளவில் இழுக்கப்படும் அந்த வேறுபாடுதான் ஓதத்தை எழுப்புகிறது; அது 1/x³ வேகத்தில் குறைகிறது. பூமியின் மேல் சூரியனின் ஈர்ப்பு நிலவின் ஈர்ப்பைப்போல ஏறத்தாழ 180 மடங்கு. ஆனால் சூரியன் ஏறத்தாழ 390 மடங்கு தொலைவில் இருக்கிறது. வகையிடும்போது கூடுதலாக வரும் அந்த ஒரு x-ஆல் வகுத்தால், ஓதத்தில் சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. கீழே அடுக்கைக் கூட்டாமல் குறைத்து எழுதியவர் கணக்கில் சூரியன்தான் கடலை ஆளும்.

வகையிடலைத் திருப்பிச் செய்யும் தொகையிடலுக்குப் போனாலும் இதே பழக்கங்கள் கூடவே வருகின்றன. −n/xⁿ⁺¹ என்ற வடிவத்திலிருந்து வெறும் 1/x கிடைக்க வேண்டுமானால் n = 0 ஆக வேண்டும்; அப்போது முன்னால் இருக்கும் −n-உம் பூச்சியமாகிவிடும். x-இன் அடுக்கு எதையும் வகையிட்டு 1/x-ஐப் பெற முடியாது என்பதால்தான் அங்கே இயற்கை மடக்கை வருகிறது. அதைப் பார்த்துவிட்டு 1/x²-ஐத் தொகையிட்டாலும் மடக்கை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது −1/x, கூடவே ஒரு மாறிலி. அதுவும் சரியாக எழுதிவிட்டு, −1-இலிருந்து 1 வரையிலான வரையறுத்த தொகையைக் கேட்டால் நேராக மதிப்புகளைப் போட்டு −2 என்று விடை தருவார்கள். 1/x² எங்குமே மிகை எண். வளைவரை முழுவதும் அச்சுக்கு மேலே இருக்கிறது. அதன் கீழ் உள்ள பரப்பு மைனஸில் வரவே முடியாது. எல்லைகளுக்கு நடுவே x = 0 இருக்கிறது, அங்கே சார்பு எல்லையில்லாமல் உயர்கிறது, பரப்பும் முடிவற்றது. ஆகவே −1/x-இல் இரு முனைகளையும் போட்டுக் கழிக்கும் வழி இந்தக் கணக்குக்குச் செல்லாது.