கிணத்துத் தண்ணில செவ்வரத்தை ஏன் சாம்பலாப் போச்சு

போன மாரி லீவுக்கு எங்கட முத்தத்தில சனிக்கிழமைகளில ஏழெட்டுப் பிள்ளையள் படம் கீற வந்தவை. இருந்தது ஒரேயொரு வோட்டர் கலர் பெட்டி, அதிலயும் நீலம் முடிஞ்சு போச்சு, ஏன்எண்டா எல்லாரும் கீறுறது வானமும் குளமும்தான், கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளையிட்ட ஒரு பேப்பரைக் குடுத்தா குளக்கட்டு ஒண்டு வராமல் இருக்காது. சரி பெட்டியை வையுங்கோ, வேலியில நிக்கிற பூவுகளைப் புடுங்கிக்கொண்டு வாங்கோ, நாங்களே பெயின்ற் செய்வம் எண்டு சொன்னன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான், பிறகு அது ரெண்டு மாசம் இழுத்திட்டுது.

முதல் நாளே சண்டை. ரெண்டு பேர் ஒரே செவ்வரத்தை மரத்தில ஒரே சிவத்தப் பூவைப் புடுங்கி, சுடுதண்ணில ஊறப்போட்டினம். ஒராளின்ர கோப்பையில நல்ல ரோஸ் நிறம் வந்திது, மற்றவளின்ர கோப்பையில நீலமும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு சாம்பல் நிறம், சேறு கலந்த மாதிரி. நீ வாடின பூவைப் போட்டுட்டாய் எண்டு அவன் சொல்ல, நான் போட்டது இண்டைக்குப் பூத்தது எண்டு அவள் அழ, கடைசியில விசாரிச்சுப் பாத்தா அவன் தண்ணி எடுத்தது பீலிக்குக் கீழ இருக்கிற மழைத்தண்ணிப் பரலில, அவள் எடுத்தது கிணத்தில. பூவில பிழை இல்லை. நான் குசினிக்குள்ள போய் ஒரு பாதித் தேசிக்காயைக் கொண்டந்து அவளின்ர கோப்பையில புளிஞ்சு விட்டன், அந்தச் சாம்பல் தண்ணி கண்ணுக்கு முன்னால பளீரெண்டு சிவந்திது. அழுதவள் சிரிச்சிட்டாள், சண்டை போட்டவன் தன்ர கோப்பைக்கும் புளி கேட்டான்.

இது மாயமில்லை, ஆனா என்ன நடக்குதெண்டு விளங்கிக்கொண்டா மாயத்தை விட நல்லா இருக்கும்.

முதல்ல நிறம் எண்டா என்ன எண்டு பாப்பம். வெயில் வெளிச்சத்துக்குள்ள எல்லா நிறமும் கலந்துதான் வருது. பூவில இருக்கிற சாயம் அதில ஒரு பங்கை விழுங்கிப்போடும், விழுங்காமல் விட்ட மிச்சம்தான் எங்கட கண்ணுக்கு வருது. பச்சையை விழுங்கினா சிவப்பாத் தெரியும், செம்மஞ்சளை விழுங்கினா நீலமாத் தெரியும். எதை விழுங்கிறது எண்டதைத் தீர்மானிக்கிறது அந்தச் சாய மூலக்கூறுக்குள்ள ஓடித்திரியிற இலத்திரன்கள். ஊஞ்சலை நினைச்சுப் பாருங்கோ, வருசப்பிறப்புக்குப் புளியமரத்தில கட்டுற நீளக் கயித்து ஊஞ்சல் மெதுவாத்தான் ஆடும், திண்ணையில கட்டுற சின்னப் பிள்ளையின்ர ஊஞ்சல் சடசடவெண்டு ஆடும். இலத்திரனும் அப்பிடித்தான், ஓடித்திரிய இடம் பெருசா இருந்தா மெதுவா அதிர்ற செம்மஞ்சள், சிவப்புப் பக்கத்து வெளிச்சத்தோட சேர்ந்து ஆடும், இடம் குறுகினா வேகமான பச்சை, நீலத்தோட ஆடும்.

செவ்வரத்தையில இருக்கிற சாயத்தின்ர குடும்பப் பேர் அந்தோசயனின். நாவல்பழம் திண்டு நாக்கு ஊதாவாகிறதும் இந்தக் குடும்பத்தாலதான். புளிப்புக்குள்ள, அதாவது அமிலத்துக்குள்ள இருக்கேக்க இந்த மூலக்கூறு ஒரு ஐதரசனைக் கூடுதலாப் பிடிச்சு வச்சிருக்கும், அப்ப இலத்திரனுக்கு இடம் சுருங்கும், பச்சை வெளிச்சம் விழுங்கப்படும், எங்களுக்குச் சிவப்பாத் தெரியும். புளிப்புக் குறையக் குறைய ஐதரசன் கழண்டு போகும், இடம் கூடும், ஊதாவாகி நீலத்துக்குப் போகும். இன்னும் காரம் (உறைப்பு இல்லை, சோடா, சுண்ணாம்பு மாதிரி அமிலத்துக்கு எதிரானது) கூடினா பச்சை, அதுக்கும் மேல போனா மூலக்கூறே உடைஞ்சு மஞ்சளாகிடும், அதுக்குப் பிறகு எவ்வளவு தேசிக்காய் புளிஞ்சாலும் பழையபடி வராது.

பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளும் இதே கதைதான், அது பூவுக்குப் பதிலா மரப்பட்டையிலயும் கல்லிலயும் ஒட்டி வளர்ற இலைக்கன் எண்ட ஒண்டில இருந்து எடுத்த சாயம். பூவால புளிப்பையும் காரத்தையும் பிரிச்சுப் பாக்கலாம் எண்டு விஞ்ஞானி ராபர்ட் பொயில் 1664 இல எழுதி வச்சவர், வயலட் பூவின்ர பாணியில அமிலம் விட்டா சிவக்குது, காரம் விட்டா பச்சையாகுது எண்டு. பிறகு 1909 இல டென்மார்க்கில, பியர் செய்யிற கார்ல்ஸ்பேர்க் கொம்பனியின்ர ஆய்வுகூடத்தில வேலை செய்த சோரன்சன்தான் புளிப்பை அளக்க பீஎச் எண்ட அளவைக் கொண்டந்தவர். அதில நடு 7, ஒவ்வொரு படி கீழ இறங்க புளிப்பு 10 மடங்கு கூடும். தேசிக்காய்ப் புளி 2 க்கும் 2.5 க்கும் இடையில நிக்கும், அப்ப சுத்தமான தண்ணியோட பாத்தா கிட்டத்தட்ட முப்பதாயிரத்தில இருந்து ஒரு லட்சம் மடங்கு வரை. ஒரு சொட்டுக்கே பூத்தண்ணி துள்ளுறது சும்மாவா.

இனி கிணத்துக் கதை. கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியுதெல்லோ, வினாகிரி விட்டுத்தான் கழுவ வேண்டி இருக்கும், அந்தக் கல்சியம் காபனேற் எங்கட கிணத்துத் தண்ணில கரைஞ்சு வர்றது. கரைஞ்சு நிக்கேக்க அது இருகாபனேற்றா நிக்கும், கிட்டத்தட்டக் கொஞ்சம் அப்பச்சோடா போட்ட தண்ணி மாதிரி எண்டு வையுங்கோவன், லேசாக் காரப் பக்கம் சாஞ்சிருக்கும். மழைத்தண்ணி அப்பிடி இல்லை, வானத்தில இருந்து வரேக்கயே காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டைக் கரைச்சுக்கொண்டு வர்றதால லேசாப் புளிப்பு, பீஎச் 6 க்குக் கொஞ்சம் கீழ. அவன்ர ரோஸுக்கும் அவளின்ர சாம்பலுக்கும் காரணம் இதுதான். இன்னொண்டும் இருக்கு, கிணத்துத் தண்ணிக்கு புளி கூட வேணும், ஏன்எண்டா முதல்ல விடுற சொட்டுகளை அந்த இருகாபனேற் திண்டு முடிச்சிட்டுத்தான் பூவுக்கு விடும். பிள்ளையள் சொட்டு எண்ணிப் பாத்தவை, அவன்ர கோப்பைக்கு மூண்டு சொட்டு, அவளின்ரக்கு பதினொண்டு. அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியைப் போத்தலில கொண்டர வெளிக்கிட்டினம், ஒராள் குளத்துத் தண்ணியும் கொண்டந்தவர். கிட்டத்தட்ட அந்த ஊரின்ர தண்ணி எல்லாத்தையும் செவ்வரத்தையால அளந்து முடிச்சாச்சு, நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்ல.

நீலம் வேணுமெண்டுதானே தொடங்கினது, நீலத்துக்குச் சங்குப்பூ. பத்துப் பதினைஞ்சு பூவைச் சுடுதண்ணில போட்டா பத்து நிமிசத்தில கடும் நீலம், கிணத்துத் தண்ணியோ மழைத்தண்ணியோ பெரிய வித்தியாசம் காட்டாது. சங்குப்பூவில இருக்கிறதும் அந்தோசயனின் குடும்பம்தான், ஆனா தெர்னாட்டின் எண்டு கொஞ்சம் கை கால் கூடின பிள்ளை. அந்தப் பக்கவாட்டுக் கைகள் மடிஞ்சு வந்து நடு உடம்பைப் போர்த்து வச்சிருக்கிறதால தண்ணி லேசில அதைக் குழப்பாது. அதாலதான் நீலத் தேத்தண்ணி எண்டு இதை விக்கினம். தேசிக்காய் விட்டா ஊதா, கூட விட்டா ரோஸ், அப்பச்சோடா விட்டா கடல் மாதிரி நீலப்பச்சை. ஒரே பூவில நாலு கோப்பை, நாலு நிறம். பேப்பர் முழுக்க நீலத்தைப் பூசி, ஈரம் காயுறதுக்கு முன்னம் ஈர்க்கில் நுனியால தேசிக்காய்ப் புளியைத் தொட்டுத் தொட்டு வையுங்கோ, ஒவ்வொரு சொட்டும் பூவா விரியும். அதுக்கு மேல அப்பச்சோடாத் தண்ணியும் பட்டா நுரைச்சுக்கொண்டு வரும், அது புளிப்பும் சோடாவும் சேர்ந்து காபனீரொட்சைட் வெளிக்கிடுறது.

மஞ்சளுக்கு மஞ்சள்தான். அதின்ர நிறமாற்றம் எங்கட ஆக்களுக்கு எப்பவோ தெரியும், கலியாணத்தில ஆலாத்தி எடுக்கேக்க தட்டில இருக்கிற சிவத்தத் தண்ணி என்னெண்டு நினைக்கிறியள், மஞ்சள் கரைச்ச தண்ணிக்க கொஞ்சம் சுண்ணாம்பு, அவ்வளவுதான். மஞ்சளில இருக்கிற குர்குமின் காரத்தைக் கண்டா ஐதரசனை விட்டுட்டுச் சிவந்திடும். கறி பட்ட வெள்ளைச் சட்டைக்குச் சவுக்காரம் போட்டா கறை சிவந்து அம்மாமாரைப் பயப்பிடுத்துறதும் இதுதான். இதில நல்ல விளையாட்டு ஒண்டு இருக்கு. குர்குமின் தண்ணில வடிவாக் கரையாது, மதுசாரத்தில கரையும், கொரோனா நேரத்தில வாங்கி இன்னும் மூலையில கிடக்கிற சனிடைசர் போத்தலை எடுத்து ஒரு கரண்டி மஞ்சள்தூளைக் குழைச்சு, வெள்ளைப் பேப்பரில பூசிக் காயவிடுங்கோ (அடுப்புக்குக் கிட்ட வேண்டாம், அது பத்தும்). காஞ்ச பிறகு பஞ்சை அப்பச்சோடாத் தண்ணில தொட்டு எழுதினா எழுத்து சிவப்பா வரும். தேசிக்காய் பூசினா அழியும். திரும்ப எழுதலாம். எங்கட முத்தத்தில ஒரு கிழமை முழுக்க ஆளுக்காள் ரகசியக் கடிதம்தான், அதில பாதி என்னைப் பற்றி எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. சுண்ணாம்பை மட்டும் சின்னப் பிள்ளையளின்ர கையில குடுக்காதேங்கோ, கண்ணில பட்டா சுட்டுப்போடும், அவைக்கு அப்பச்சோடா காணும்.

தாய் தேப்பனுக்கும் ரீச்சர்மாருக்கும் ஒண்டு சொல்லவேணும், மனதில பட்டதைச் சொல்லுறன். பிள்ளை பூசின வானம் ஊதாவாப் போனா உடன “வானம் நீலமெல்லோ” எண்டு திருத்த வெளிக்கிடாதேங்கோ. ஏன் ஊதாவாப் போச்சு எண்டு கேளுங்கோ. தூரிகையைக் கழுவேல்ல, அதில புளி இருந்தது எண்டு அதுவே கண்டுபிடிக்கும்.

கறுப்புக்கு, கறள் பிடிச்ச ஆணி நாலஞ்சை வினாகிரிக்க ரெண்டு நாள் போட்டு வச்சு, அந்தத் தண்ணியைக் கடும் சாயத் தேத்தண்ணிக்க விட்டா மைக்கறுப்பு. தேயிலையில இருக்கிற தனின் எண்ட துவர்ப்புப் பொருளும் இரும்பும் கட்டிப்பிடிக்கிறதால வர்றது, பழைய காலத்து எழுதுற மையும் இதே வழிதான்.

இப்ப கவலையான பகுதி. பூவில கீறின படம் நிக்காது. வெயில் வெளிச்சம் அந்த நீள மூலக்கூறை வெட்டி வெட்டி உடைச்சுப்போடும், மஞ்சள் இன்னும் கெதியா, மஞ்சள் கறைச் சட்டையை வெயிலில போட்டா வெளுக்குதெல்லோ, அதேதான். நிக்கிற நிறம் வேணுமெண்டா மண்ணுக்கு வாங்கோ. எங்கட ரோட்டுச் செம்மண்ணின்ர சிவப்பு இரும்பு ஒட்சைட், அதாவது கறள் பிடிச்சு முடிஞ்ச இரும்பு, இனி அதில கறள் பிடிக்க ஒண்டும் மிச்சமில்லை, அதால வெயிலுக்கு அது பயப்பிடாது. சீகிரியாக் குகைப் பெண்களின்ர சிவப்பும் மஞ்சளும் இப்பிடி மண்ணில எடுத்ததுதான், 5ஆம் நூற்றாண்டில பூசினது இண்டைக்கும் தெரியுது. மன்னார்ப் பக்கம் போறவை முருங்கனில கறுத்தக் களி ஒரு பை கொண்டந்தா கடும் சாம்பல் நிறமும் கைவசம்.

மண்ணை அப்பிடியே பூசினா பேப்பர் கிழியும், அரிக்கவேணும், ஆனா அரிதட்டால இல்லை, தண்ணியால. வாளியில கலக்கிப்போட்டு இருபது எண்ணுங்கோ, மணல் அடியில போயிடும், மேல நிக்கிற கலங்கல் தண்ணியை மட்டும் வேற பாத்திரத்தில ஊத்தி அடைய விடுங்கோ. துணிக்கையின்ர பருமன் பாதியானா அது அடியில போக நாலு மடங்கு நேரம் எடுக்கும், அதால கடைசியா அடையிறது பவுடர் மாதிரி மெல்லிசு. அதை விளாம்பிசினோட குழைக்கோணும். விளாத்தி மரத்தில பட்டை வெடிச்ச இடத்தில கண்ணாடி மாதிரித் தொங்குமே, அதை இரவு ஊறப்போட்டு வடிச்சா சரி. பிசின் எண்டது சீனி மூலக்கூறுகள் நீளமாக் கோர்த்த சங்கிலி, ஈரம் காயக் காய அது பின்னிப் பிணைஞ்சு மண்ணைப் பேப்பரோட சேர்த்துக் கட்டிப்போடும். ரெண்டு கராம்பு போட்டு வச்சா பூஞ்சணம் லேசில பிடியாது.

சாம்பல் தண்ணிக்கு அழுதவள் கீறின படம் ஒண்டு எங்கட விறாந்தைச் சுவரில ஒட்டிக் கிடக்கு. செம்மண்ணில ரோட்டு, கரியில பனை, சங்குப்பூவில வானமும் குளமும். மூண்டு மாசத்தில குளம் வத்தினமாதிரி வெளுத்திட்டுது, வானமும் இல்லை, ரோட்டும் பனையும் மட்டும் அப்பிடியே நிக்குது. ஒருநாள் வந்து பாத்தாள். ஒண்டும் பேசேல்ல, வேலிப் பக்கம் போய் ஒரு கை சங்குப்பூ புடுங்கிக்கொண்டு வந்து, “ரீச்சர் சுடுதண்ணி இருக்கோ” எண்டு கேட்டாள்.