டிரேட் ஆன ஃபார்வர்டை எடுக்கலாமா? காலியான இடத்தை முதலில் பாருங்கள்

பிப்ரவரியில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் (டிரேட்) கெடு முடியும். அந்த வாரம் முழுக்க, ஃபேன்டஸி (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களின் ஆட்ட எண்களால் மோதும் விளையாட்டு) ஆடுகிறவர்களிடமிருந்து என் கைபேசிக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, அவரை வேற டீமுக்கு அனுப்பிட்டாங்களே, எடுக்கவா விடவா?" கேட்பவர் பெரும்பாலும் கல்லூரிப் பையனாக இருப்பார். கேட்கப்படும் வீரர் இருபத்தைந்து வயதை ஒட்டிய ஒரு ஃபார்வர்டாக (முன்வரிசையில் ஆடும் உயரமான வீரர்) இருப்பார். நான் திருப்பிக் கேட்பேன்: "அந்த டீம்ல இருந்து யாருப்பா போனது?" பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. வந்தவரைப் பற்றி எல்லாம் படித்திருப்பார்கள், போனவரைப் பற்றி ஒரு வரி கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

கூடைப்பந்துப் புள்ளிவிவரங்களைப் படித்து வீரர்களை மதிப்பிடுவது பல வருடங்களாக என் தொழில். ஃபேன்டஸி ஆடுகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்தால், வீரரின் திறமையைத் தப்பாகக் கணித்து ஏமாறுவது குறைவு. புது அணியில் அவருக்கு என்ன வேலை என்று பார்க்காமல் முடிவெடுத்து ஏமாறுவதுதான் அதிகம். இங்கே நான் பேசுவது நண்பர்கள் சேர்ந்து சீசன் முழுக்க ஆடும் இலவச லீக்குகளைப் பற்றி. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. அதற்கு முன்பும் ஒரு டிரேட் செய்தியை நம்பிக் காசு போடாதீர்கள் என்றுதான் சொல்லிவந்தேன்.

விளக்குவதற்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் லாரி மார்க்கனென்.

பின்லாந்துக்காரர், 213 சென்டிமீட்டர் உயரம். புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2017இல், ஏழாவதாக எடுக்கப்பட்டார். எடுத்தது மின்னசோட்டா, அன்று இரவே ஜிம்மி பட்லர் டிரேடில் சிகாகோவுக்குப் போனார். இரண்டாவது சீசனில் ஆட்டத்துக்கு 18.7 புள்ளி, 9 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுத்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். அப்புறம் இறங்குமுகம். 2020-21இல் 13.6 புள்ளி, 5.3 ரீபவுண்ட். 2021 ஆகஸ்டில் கிளீவ்லேண்ட் போனார், அங்கே 14.8 புள்ளி, 5.7 ரீபவுண்ட். 2022 செப்டம்பர் முதல் தேதி டோனவன் மிட்செல் டிரேடில் அவரும் யூட்டாவுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தபோது பேச்செல்லாம் மிட்செலைப் பற்றித்தான். மார்க்கனென் கணக்கைச் சரிக்கட்டச் சேர்த்த பெயர் போலத் தெரிந்தார். நான் இருந்த லீக்கில் ஆளுக்கொரு வீரராகச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தபோது அவரைப் பத்தாவது சுற்று வரை யாரும் தொடவில்லை.

இப்போது கிளீவ்லேண்டில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். கூடைக்குப் பக்கத்தில் ஜாரெட் ஆலன், எவன் மோப்ளி என்று இரண்டு நெட்டைகள். பந்து டேரியஸ் கார்லண்டின் கையில். ஏழடி உயரக்காரரான மார்க்கனெனை மூன்றாவது நெட்டையாக, ஸ்மால் ஃபார்வர்ட் இடத்தில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். எடுத்த ஷாட்டுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். தெருக்குழாயை இரண்டு பேர் வளைத்து நிற்கும்போது மூன்றாவது ஆள் குடத்தோடு ஓரத்தில் நிற்கிற நிலைமை அது. ரீபவுண்ட் குறைந்தது, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா ஷாட்) ஆட்டத்துக்கு மூன்றைத் தொடவில்லை. அந்த எண்ணை வைத்து "இவ்வளவுதான் இவர்" என்று எழுதியவர்கள் அவர் நின்ற இடத்தை அளந்தார்கள், ஆளை அளக்கவில்லை.

யூட்டாவில் அதற்கு நேர்மாறான நிலைமை. ஜூலையிலேயே ரூடி கோபேரை மின்னசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 15.6 புள்ளியும் 14.7 ரீபவுண்டும் எடுத்தவர் அவர். 25.9 புள்ளி எடுத்த மிட்செல் கிளீவ்லேண்ட் போகிறார். அதே செப்டம்பரில் 18.1 புள்ளி எடுத்த போயான் போக்டானோவிச்சும் டெட்ராய்ட் போனார். மூவரும் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 ஷாட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த 40 ஷாட்டையும் யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். மிச்சமிருந்த ஜோர்டன் கிளார்க்சனும், மைக் கான்லியும், டிரேடில் கூடவே வந்த காலின் செக்ஸ்டனும் கார்டுகள், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள். ஃபார்வர்ட் இடத்தில் ஷாட்டுக்குப் போட்டி போடும் ஆள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கோபேர் போனதால் கூடைக்கு அடியிலும் இடம் காலி. புதுப் பயிற்சியாளர் வில் ஹார்டிக்கு வயது 34, பழைய ஏற்பாட்டைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இதெல்லாம் சீசன் தொடங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ரகசியம் எதுவும் இல்லை.

இன்னொரு தடயமும் இருந்தது. டிரேட் செய்தி வந்த நேரத்தில் அவர் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் பின்லாந்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். நாக் அவுட் சுற்றில் குரோஷியாவுக்கு எதிராக 43 புள்ளி எடுத்தார். ஒரு போட்டித் தொடரை மட்டும் வைத்து நான் யாரையும் மதிப்பிடுவதில்லை. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது 43 என்ற எண் இல்லை. பந்து அவர் வழியாக ஓடினால் என்ன செய்வார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூடையை நோக்கி வெட்டி ஓடினார், தடுப்பாட்டக்காரரை முதுகில் சாய்த்துத் திரும்பி அடித்தார், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார். கிளீவ்லேண்டில் இந்த வேலைகளை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. யூட்டா கேட்கப்போகிறது என்பது காலியான இடத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 25.6 புள்ளி, 8.6 ரீபவுண்ட், ஆட்டத்துக்கு மூன்று முறை மூன்று புள்ளி ஷாட், களத்து ஷாட் (ஃப்ரீ த்ரோ அல்லாத ஷாட்) 49.9 சதவீதம். ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 49 புள்ளி. ஆல் ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க ஐவரில் ஒருவர், அதுவும் யூட்டா அணியின் ஊரான சால்ட் லேக் சிட்டியில். அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதும் அவருக்குத்தான். ஆனால் ஆட்ட நேரம் கிளீவ்லேண்டைவிட நான்கு நிமிடம்கூடக் கூடவில்லை. சுமார் 31 நிமிடம் 34 ஆனது, அவ்வளவுதான். அவர் களத்தில் இருக்கும்போது அணியின் தாக்குதலில் அவர் கையில் முடிந்த பங்கு முன்பு ஐந்தில் ஒன்று, இப்போது நான்கில் ஒன்றுக்கும் மேல். நிமிடத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் தெரிந்திருக்காது.

இதில் ஃப்ரீ த்ரோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தப்பாகப் படிப்பது இங்கேதான். ஒன்பது பிரிவுகளில் தனித்தனியாக மோதும் லீக்கில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (கூடை விழ உதவும் பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது), மூன்று புள்ளி ஷாட், டர்ன்ஓவர் (பந்தை இழப்பது) என்று ஏழு எண்ணிக்கைகள், மேலும் களத்து ஷாட், ஃப்ரீ த்ரோ என்று இரண்டு சதவீதங்கள். சதவீதப் பிரிவில் எத்தனை முயற்சி என்பதற்கும் எடை உண்டு. லீக்கின் சராசரி சுமார் 78 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆட்டத்துக்கு இரண்டு முறை அடித்து 90 சதவீதம் போடுகிறார் என்றால், சராசரி ஆளைவிட அவர் உங்களுக்குத் தருவது 0.24 ஃப்ரீ த்ரோ. மார்க்கனென் யூட்டாவில் ஆறு முறை அடித்து 87.5 சதவீதம் போட்டார். அவர் தருவது 0.57, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கையின் துல்லியம் கிளீவ்லேண்டில் இருந்ததுபோலவேதான். கோட்டுக்குப் போகும் தடவைதான் கூடியது. இளம் ஃபார்வர்ட் ஒருவர் ஏற்கெனவே நல்ல ஃப்ரீ த்ரோ கையோடு, ஆனால் கோட்டுக்குப் போக வாய்ப்பில்லாத இடத்தில் நிற்கிறார் என்றால், டிரேட் அவருக்குத் தரும் பலன் மற்றவர்களைவிடப் பெரிது. நான் முதலில் தேடுவது இப்படிப்பட்டவரைத்தான்.

மறுபக்கமும் உண்டு. அந்தச் சீசனிலும் மார்க்கனெனின் ஸ்டீல் 0.6, பிளாக் 0.6, அசிஸ்ட் 1.9. இடம் காலியானால் ஷாட் கூடும், ரீபவுண்ட் கூடும். ஆனால் பந்தைத் தட்டிப் பறிக்கும் பழக்கம் ஊர் மாறினதால் வந்துவிடாது.

சரி, இதே கணக்கு எல்லோருக்கும் நிலைக்குமா என்றால், இல்லை. மிக்கல் பிரிட்ஜஸ் விஷயத்தில் நானே தவறினேன். 2023 பிப்ரவரியில் கெவின் டுரன்ட் டிரேடில் பீனிக்ஸிலிருந்து புரூக்ளினுக்குப் போனார். பீனிக்ஸில் 17.2 புள்ளி, புரூக்ளினில் 27 ஆட்டங்களில் 26.1. டுரன்டும் கைரி இர்விங்கும் சில நாள் இடைவெளியில் போய்விட்ட அணி, இடம் அப்படியே காலி. அந்தக் கோடையில் அவரை இரண்டாம் சுற்றில் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அடுத்த சீசனில் 82 ஆட்டமும் ஆடி 19.6 புள்ளி எடுத்தார். களத்து ஷாட் 47.5லிருந்து 43.6 சதவீதத்துக்கு இறங்கியது. முதல் 27 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு அவரை மையமாக வைத்துத் திட்டம் போட நேரமில்லை. கோடை முழுக்கக் கிடைத்ததும் போட்டார்கள். 2024இல் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். பந்து அங்கே ஜேலன் பிரன்சன் கையில், அதனால் 17.6. ஆள் ஒருவர்தான், இடத்துக்கு இடம் எண் மாறியது. 27 ஆட்டத்து ஷாட் சதவீதத்தை நம்பியது என் பிழை. அதற்கப்புறம் டிரேடுக்குப் பிந்தைய முதல் ஆட்டங்களில் நிமிடத்தையும் ஷாட் எண்ணிக்கையையும் மட்டும் குறித்துக்கொள்கிறேன். இவை சில ஆட்டங்களிலேயே ஒரு நிலைக்கு வந்துவிடும். பந்து உள்ளே விழும் விகிதம் நிலைக்கு வர மாதங்கள் ஆகும்.

ஆர்ஜே பாரெட் 2023 டிசம்பர் கடைசியில் நியூயார்க்கிலிருந்து டொராண்டோ போனபோது களத்து ஷாட் 42 சதவீதத்திலிருந்து 55க்கு ஏறியது. ஃப்ரீ த்ரோவோ 83லிருந்து 63க்கு விழுந்தது. புள்ளி மட்டும் கணக்கிடும் லீக்கில் அவர் பெரிய லாபம். ஃப்ரீ த்ரோ சதவீதத்தை நம்பிக் கட்டிய அணிக்கு அதே மனிதர் ஓட்டை. உங்கள் லீக்கின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் என்னிடம் "எடுக்கவா" என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

இனி, எல்லோரும் கடைசியில் அழும் விஷயம். காலியான இடம் பெரும்பாலும் தோற்கிற அணியில்தான் கிடைக்கும். தோற்கிற அணி மார்ச்சில் என்ன செய்யும் என்பது டிரேடிலேயே எழுதியிருக்கும். மிட்செலுக்குப் பதிலாக யூட்டா வாங்கியது மூன்று வீரர்கள், 2025, 2027, 2029 முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், அதோடு இரண்டு ஆண்டுகளுக்கு உரிமையை மாற்றிக்கொள்ளும் வசதி. இப்படி வருங்காலத்தை வாங்குகிற அணிக்கு இந்த வருடத்துக் கடைசி வெற்றிகளால் லாபம் இல்லை. மேலும் தோற்றால் நல்ல டிராஃப்ட் இடம் கிடைக்கும். முதல் 13 ஆட்டங்களில் 10 வென்ற யூட்டா கடைசியில் 37 வெற்றி, 45 தோல்வியில் முடித்தது. மார்க்கனென் 66 ஆட்டம் ஆடினார். அடுத்த சீசனில் 55, அதற்கடுத்து 47. 2025 மார்ச்சில், ஆட முடிகிற நிலையில் இருந்த அவரை உட்காரவைத்ததற்காக என்பிஏ யூட்டாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமே போட்டது.

ஃபேன்டஸி லீக்குகளின் நாக் அவுட் வாரங்கள் பெரும்பாலும் மார்ச் நடுவில் தொடங்கும். ஐந்து மாதம் உங்களைச் சுமந்துவந்தவர் சரியாக அந்த வாரத்தில் "முதுகு வலி" என்ற வரியோடு காணாமல் போவார். இதற்காக மார்க்கனெனை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பத்தாவது சுற்றில் எடுத்தவருக்கு அவர் பொக்கிஷம். ஆனால் பிப்ரவரியில், அவர் மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது, ப்ளே ஆஃபுக்குப் போராடும் அணியில் இருக்கும் கொஞ்சம் குறைந்த எண்ணுள்ள ஒருவருக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றியவர்களின் அணியில் மார்ச் முழுக்க ஆள் இருந்தது.

சில நடைமுறை விஷயங்கள். டிரேட் அறிவித்த உடனே வீரர் ஆடிவிட மாட்டார். மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும், ஊர் மாற வேண்டும், ஓரிரு ஆட்டம் போய்விடும். அந்த வாரத்தில் அவரை நம்பி ஐவரை அமைக்காதீர்கள். அதே சமயம், இரண்டு அணிகளின் அட்டவணையும் வேறு வேறு என்பதால் மீதி ஆட்டங்களின் எண்ணிக்கை கூடவும் செய்யலாம். பிரிட்ஜஸ் 2022-23இல் 82 ஆட்டச் சீசனில் 83 ஆட்டம் ஆடினார். இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: பெரும்பாலான ஆட்டங்கள் நம் விடிகாலையில் தொடங்குகின்றன. இரவு படுக்கும்போது ஆடுகிறார் என்றிருந்த பெயர் நாலரை மணிக்கு மாறியிருக்கும். டிரேட் ஆன வாரத்தில் மட்டுமாவது அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரமும் ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, நீங்க கேப்பீங்கன்னு போனவங்க மூணு பேரோட ஷாட்டையும் கூட்டி வச்சிருக்கேன், இருபத்தெட்டு வருது" என்றார். கார்டுகள் எத்தனை எடுப்பார்கள் என்று கேட்டேன். பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.