மினுங்காத ஜிக்கும் குசினி ஓவனும்

மாரி தொடங்கக் கொஞ்சம் முன், ஒரு பின்னேரம், நாவற்குடாப் பக்கத்துத் தம்பி ஒருவர் பட்டறைக்கு வந்து ஷொப்பிங் பையொன்றை என் மேசையில் கவிழ்த்தார். நாற்பது ஐம்பது ஜிக் தலைகள், அதாவது தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயம் பிடித்த, மீனை ஏமாற்றுகிற போலி இரைகள். வீட்டிலேயே ஈயம் வார்த்து, சூட்டில் உருகி ஒட்டுகிற பவுடர் பெயின்ற் ஏற்றி, சுட்டு எடுத்தவை. ஒன்றிலாவது மினுக்கம் இல்லை.

"அண்ணன், ரின்னுக்குள்ள பாத்தா கண்ணாடி மாதிரி மினுங்குது. ஜிக்கில ஏத்தினா அடுப்புச் சாம்பல் பூசின மாதிரிக் கிடக்கு. பவுடர் பழுதா?"

"எதுக்குள்ள வச்சுச் சுட்டீங்க தம்பி?"

"வீட்டு ஓவனுக்குள்ளதான். மனுசி கேக் போடுற ஓவன்."

"ஈயம்?"

"பழைய பற்றரித் தட்டு. குசினிக் கேஸ் அடுப்பில வச்சு உருக்கினேன்."

வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்று இருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் கேட்டது மினுக்கத்தைப் பற்றி. நான் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான்.

கேற், அலுமினியம் யன்னல், சைக்கிள் சட்டம் இவற்றுக்குப் பவுடர் கோட்டிங் செய்வதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஜிக், மட்டக்களப்பு வாவியின் குறுக்கே நிற்கிற கல்லடிப் பழைய பாலத்தில் பிடித்துக்கொண்ட வியாதி. 2013இல் புதுப்பாலம் திறந்து வாகனங்கள் அந்தப் பக்கம் போன பிறகு, 1924ஆம் ஆண்டின் பழைய பாலம் தூண்டில்காரருக்கு வாய்த்துவிட்டது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டு ஜிக் வாங்குகிற விலையில் இல்லை. ஒரு கொடுவா மீன் அதைக் கல்லுக்குள் இழுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி போன மாதிரி. அதனால் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கோடிப்புறத்தில் ஈயம் வார்க்கிற இளைஞர்களை இப்போது காண்கிறேன். செய்யட்டும், நல்ல கைவேலைதான். ஆனால் இந்த வேலை முழுக்க முழுக்கச் சூட்டோடு கிடக்கிறது. மூன்று இடத்தில் சூடு வருகிறது: ஈயத்தை உருக்கும்போது, பவுடர் ஏற்றும்போது, கடைசியில் சுடும்போது. ஜிக் மங்கிப்போவதும் வீட்டுக்குள் நஞ்சு போவதும் இந்த மூன்று இடத்தில்தான்.

முதலில் ஈயம். அது 327 பாகை செல்சியஸில் உருகும். 350, 370 பாகையில் ஜிக் அச்சுக்குள் நன்றாகவே ஓடும். கேஸ் அடுப்பில் வெறும் சட்டியை வைத்து முழுத் தீயில் விட்டால் 500ஐத் தாண்டுவது தெரியாமலே தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஈயப்புகை கணிசமாகக் கிளம்பத் தொடங்கும். அந்தப் புகைக்கு மணமில்லை, பல நேரம் கண்ணுக்கும் தெரியாது. உருகிய ஈயத்தின் மேல் மஞ்சளும் நீலமுமாக ஒரு ஏடு படர்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்புவதைவிட, உலோகம் வார்ப்பவர்கள் பாவிக்கிற தெர்மோமீட்டர் ஒன்று வாங்குவது மேல். முகத்தில் கட்டுகிற துணியோ நீல மாஸ்க்கோ ஈயப்புகையைத் தடுக்காது. வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று வாருங்கள்.

சூட்டை அடக்கி வைப்பதில் இன்னொரு லாபம். ரயர் கடையில் கிடைக்கிற பலன்ஸ் கட்டிகளில் இப்போது நாகமும் (துத்தநாகம்) கலந்து வருகிறது. நாகம் உருக 419 பாகை வேண்டும். சட்டி 360இல் நின்றால் நாகக் கட்டி உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்து எறியலாம். 450க்கு விட்டீர்களோ, அதுவும் கரைந்து முழுச் சட்டியும் கூழாகிவிடும், அச்சின் நுனிவரை ஓடாது.

பற்றரித் தட்டை மட்டும் தொடவே வேண்டாம். அதில் இருப்பதில் பாதி ஈயமே இல்லை, அமிலம் ஊறிய ஈய உப்புப் பசை. அது உருகாது, தூளாகப் பறக்கும். தட்டின் கலப்பில் அந்திமனி, ஆசனிக் என்ற நஞ்சுகளும் இருக்கலாம். எஞ்சுகிற கசடில் ஈரம் பட்டால் பொல்லாத வாயு வரும் ஆபத்தும் உண்டு. தம்பி சும்மா கிடைத்தது என்றுதான் எடுத்திருக்கிறார். அதைவிடப் பழைய வீச்சுவலையின் ஈயமணி எவ்வளவோ மேல்.

ஈரம் என்றதும் என் வலது முழங்கை அரிக்கிறது. கார்த்திகை மழை நேரம், இரவு முழுக்கக் கொட்டிலில் கிடந்த அச்சை எடுத்துத் துடைத்துவிட்டு அப்படியே வார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. நீர் ஒரே கணத்தில் ஆவியாகி, வார்த்த ஈயத்தைத் திருப்பி என் கைக்கே துப்பியது. தழும்பு ஐம்பது சதக் குற்றி அளவு. அன்றிலிருந்து அச்சை முதலில் சூடாக்கிக் காயவைக்காமல் வார்ப்பதில்லை, மழைத் தூறலில் சட்டி வைப்பதுமில்லை. சாரத்தோடு நின்று வார்ப்பவர்களைக் கண்டால் இன்னும் கை கூசுகிறது.

வார்த்த ஜிக்கின் ஓரத்தில் நிற்கிற பிசிறை உலர்ந்த அரத்தாளால் தேய்க்கிறார்கள். அந்தத் தூள் புகையைவிட மோசமாக வீட்டுக்குள் நடந்து திரியும்: சாரத்தில், செருப்பில், விரல் நகத்தில். கத்தியால் சீவி எடுங்கள், தேய்த்தே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் நனைத்துத் தேயுங்கள். தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வளர்ந்தவர் விழுங்குகிற ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேருமென்றால் சிறுபிள்ளைக்குப் பாதிவரை சேரலாம். இவ்வளவுக்குக் குறைந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சேர்ந்தது எலும்பில் பல வருடம் தங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், இருமல் என்று ஒன்றும் காட்டாது. படிப்பும் கவனமும் மெல்லக் குறையும், அதை யார் ஈயத்தோடு சேர்த்து யோசிக்கப்போகிறார்கள்?

பாலத்தில் நிற்கிற முக்கால்வாசிப்பேர் பிளந்த ஈயக்குண்டைத் தங்கூசியில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள். நானும் இருபது வருடம் அப்படித்தான் கடித்தேன். ஒரு குறடு பையில் கிடந்தால் போதும். அதே கையால் வெற்றிலை மடிக்க முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இனி மினுக்கத்துக்கு வருகிறேன்.

உலோக நிறப் பவுடரில் மினுங்குவது மெல்லிய அலுமினியச் செதில்கள், அல்லது மைக்காச் செதில்கள். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும். குத்திட்டும் கோணியும் நின்றால் சாம்பல் நிறம்தான். அவற்றைப் படுக்க வைப்பது, பவுடரில் இருக்கிற பிசின் உருகிச் சமமாக ஓடிப் பரவுவது. பிசின் ஓடுவது சூட்டைப் பொறுத்தது. ஆக, தம்பியின் பவுடர் ரின்னில் மினுங்கியதும் உண்மை, ஜிக்கில் மங்கியதும் உண்மை.

அவர் வாங்கிய 'குரோம்' இன்னொரு சிக்கல். அந்த வகையில் செதில்கள் பிசினுக்கு மேலே மிதந்து வந்து நிற்கும். அதனால்தான் அவ்வளவு பளபளப்பு. ஆனால் விரலால் தேய்த்தால் விரல் கறுக்கும், முகத்துவாரத்து உப்புத்தண்ணியில் சீக்கிரம் செத்துப்போகும். காப்பாற்றலாம் என்று மேலே நிறமில்லாத கிளியர் பூசினால் குரோம் போய் வெறும் சில்வர் ஆகிவிடும். வாவிக்கும் கடலுக்கும் நான் பாவிப்பது, செதில் பிசினுக்குள்ளேயே புதைந்து நிற்கிற சாதாரண சில்வர். அதன்மேல் மெல்லிய பொலியெஸ்டர் கிளியர். வெயிலில் எப்பொக்சிப் பிசின் மங்கிச் சுண்ணாம்பு பூக்கும், பொலியெஸ்டர் தாங்கும். சில்வருக்கு மேல் ஒளி ஊடுருவுகிற பச்சையோ சிவப்போ ஏற்றினால் வருகிற நிறத்தைப் பாருங்கள், பாரையை விடுங்கள், ஆளே கடிக்கலாம்.

பவுடர் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: செதிலைப் பிசினோடு ஒட்டவைத்துச் செய்ததா, சும்மா கலந்ததா? சும்மா கலந்ததை மீன்தொட்டி மோட்டாரால் காற்று ஊதிப் பொங்க வைக்கிற குவளைக்குள் போட்டால், செதில் ஒரு பக்கம் பிசின் ஒரு பக்கமாகப் பிரிந்துவிடும். முதல் பத்து ஜிக் ஒரு நிறம், கடைசிப் பத்து வேறு நிறம்.

ஜிக்கை வார்த்த அன்றே ஏற்றினால் நல்லது. புது ஈயம் வெள்ளி மாதிரி இருக்கும், நாலு நாளில் கறுக்கும், நம்முடைய உப்புக்காற்றில் கொஞ்சக் காலத்தில் வெள்ளைப் பூ பூக்கும். அந்த வெள்ளைத் தூளும் ஈய உப்புத்தான், ஊதித் தட்டாதீர்கள். பெயின்ற் கரைக்கிற டினர் நனைத்த துணியால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

எல்லோரும் ஜிக்கை விளக்குத் தீயில் பிடித்துச் சூடாக்குகிறார்கள். மண்ணெண்ணெய் விளக்கென்றால் கரி படிந்து மினுக்கம் அங்கேயே போச்சு. ஸ்பிரிட் விளக்கில் கரி இல்லை, ஆனால் தீ தூண்டில் முள்ளில் பட்டால் முள்ளின் முறுக்குப் போய், பெரிய மீனுக்கு நிமிர்ந்து கொடுக்கும். அதோடு, திறந்த தீக்குப் பக்கத்தில் பவுடர்க் குவளை. மா பறந்தால் தீப்பிடிக்கிற மாதிரித்தான் இதுவும், அலுமினியம் கலந்தது இன்னும் மோசம். ஒருமுறை குவளையைத் தட்டிவிட்டு ஒரு பக்கத்துப் புருவத்தைக் கொடுத்தவன் நான். வெடிக்காரரிடம் கிடைக்கிற வெறும் அலுமினியத் தூளைச் செலவு மிச்சம் என்று பவுடரில் கலக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

தீயை விட்டுவிட்டு, ஜிக்குகளைக் கம்பியில் கொழுவி ஓவனுக்குள் 180 பாகையில் கால் மணித்தியாலம் வையுங்கள். ஈயத்துக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் அப்போதே போய்விடும், பின்னால் ஊசித்துளை விழாது. பிறகு ஒவ்வொன்றாகக் குறட்டால் எடுத்து, பவுடருக்குள் ஒரு வீச்சு. 'ஒன்று' என்று சொல்லி முடிக்கிற நேரம்தான். வெளியே எடுத்ததும் விளிம்பில் ஒரு தட்டு. இப்போது பார்த்துக்கொண்டிருங்கள்: முதலில் மா பூசின கொழுக்கட்டை மாதிரி இருக்கும், இரண்டு மூன்று விநாடியில் மூக்குப் பக்கமிருந்து ஈரம் பரவுகிற மாதிரிப் பளபளப்பு ஏறும். புகைத்தால் சூடு கூட. மாவாகவே நின்றால் சூடு குறைவு. மீண்டும் ஓவனுக்குள் போகட்டும், மேலே இன்னும் பவுடர் அப்ப வேண்டாம். ஒரே எடை இரும்பு பிடித்து வைக்கிற சூட்டில் கால் பங்கைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஈயம் பிடிக்கும். சின்ன ஜிக் ஓவனிலிருந்து குவளைக்கு வருகிற வழியிலேயே ஆறிவிடும். குவளையை ஓவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். தங்கூசி கட்டுகிற காதுத் துளையை ஊசியால் இப்போதே குத்தித் திறவுங்கள், சுட்ட பிறகு என்றால் பூச்சு உடையும்.

மெல்லிசாக ஏற்றுங்கள். பட்டறையில் துப்பாக்கியால் அடிக்கும்போது 60 முதல் 80 மைக்ரான் தடிப்பு, முக்கி எடுக்கிற ஜிக்கில் அது சுலபமாக மும்மடங்காகிறது. தடித்தால் செதில் உள்ளே புதையும், மேலே தோடம்பழத் தோல், மூக்கில் ஒரு துளி.

சில்வரை அரைவாசி சுட்டு, சூடு ஆறமுன் கிளியரில் ஒரு வீச்சு. பிறகு 180 பாகையில் இருபது நிமிடம். ஓவன் சூடாகிற நேரம் இதில் சேராது, ஜிக் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கு. ஆறினதும் டினர் துணியால் இருபது தரம் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் வேகவில்லை. வேகாத பூச்சில் ரப்பர் மீனைக் கொழுவி வைத்தால் ரப்பரிலிருந்து கசிகிற எண்ணெய் பூச்சை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். பவுடரை இறுக மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் சித்திரை வெயிலில் கட்டியாகிவிடும்.

ஈயமே வேண்டாம் என்கிறவர்களுக்கு வெள்ளீயம் இருக்கிறது. 232 பாகையில் உருகும், ஆகவே 180 பாகைச் சூட்டைத் தாங்கும். விலை கூட, அடர்த்தி 7.3தான். ஈயம் 11.3. அதே எடைக்கு ஜிக் பருக்கும், ஆழத்துக்கு இறங்க நேரமெடுக்கும். வாவிக்குள் அது குறையே இல்லை. பிஸ்மத் கலந்த வெள்ளீயம் 138 பாகையிலேயே உருகும், அதை ஓவனுக்குள் வைத்தால் தட்டில் குளம்தான் மிஞ்சும். பிரித்தானியாவில் 1987இலேயே சின்ன ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடுத்துவிட்டார்கள், அன்னங்கள் விழுங்கிச் சாகின்றன என்று. வாவியில் அறுந்து கிடக்கிற நம்முடைய ஈயத்தை யாரும் எண்ணிப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

தம்பியிடம் அன்று நான் சொன்ன முதல் வார்த்தை, அந்த ஓவனில் இனிக் கேக் இல்லை என்பது. கழுவினால் போதாதா என்றார். உள்ளே விசிறியும் இடுக்கும் இருக்கிறது, எதைக் கழுவுவது? இரண்டாவது, பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப்போய், வீட்டில் ஈயம் உருக்கினோம் என்று மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள் என்பது. முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் போனார். இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், இதை எழுதும்போது முடிவு வரவில்லை.

போன கிழமை திரும்ப வந்தார். கேக் ஓவன் கோடிப்புறக் கொட்டிலுக்குப் போய்விட்டதாம். அதன் கதவில் 'சாப்பாடு வைக்கக் கூடாது' என்று மனுசி சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து தாளில் சுற்றிய ஒரு ஜிக்கை எடுத்து நீட்டினார். நல்ல சில்வர், விளக்கின் கீழே திருப்பினால் டியூப் லைட் அதில் ஒரு கோடாகத் தெரிந்தது. மூக்கில் மட்டும் ஒரு துளி.

"ஒரு விநாடி கூட வச்சிட்டீங்க," என்றேன்.