எழுத்தாளரை அழைக்கும் முன் பீரோவைத் திறங்கள்

பள்ளிக்கு எழுத்தாளர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். மைதானத்தில் ஷாமியானா, தரையில் அறுநூறு பிள்ளைகள், இறைவணக்கம், வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். படிப்பின் பெருமையை அவர் சொல்வார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவர் எழுதியதில் ஒரு பக்கத்தையாவது படித்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருப்பது அபூர்வம். மறுநாள் ஆசையாக யாராவது நூலகத்துக்கு வந்தால் பீரோ பூட்டியிருக்கும்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். நூலகப் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடம்தான். பதின்பருவப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்ற புலம்பல் எல்லா ஆசிரியர் அறையிலும் கேட்கிறது. நான் பார்த்தவரை, பிடித்த புத்தகம் கைக்கு எட்டினால் படிக்கிறார்கள். எழுத்தாளர் சந்திப்பு அதற்கு நல்ல தூண்டுதல்தான். ஆனால் அவருடைய கதையை முன்னமே படித்துவிட்ட பிள்ளைக்குத்தான் அதனால் பலன்.

அதனால் முதலில் பீரோ. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. ஒரு பொறுப்பாசிரியர், ஓர் இருப்புப் பதிவேடு, புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம், இவ்வளவுதான் இருக்கும். சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. மேலை நாடுகளில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அந்த விதியை விளக்கும் இடத்தில் அவர் எழுதுகிறார். இன்று நம் பீரோவின் பூட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எங்கள் பள்ளியில் நூலகப் பாடவேளை தோறும் நீள மேசையில் அட்டைப்படம் தெரியும்படி புத்தகங்களைப் பரப்பி வைக்கிறோம். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் பிள்ளைகள் கையே வைப்பதில்லை. வழங்கல் பதிவேட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதுகிறார்கள், கிழிந்ததை ஒட்டுவதும் அவர்கள்தான். ஆண்டுக்குச் சில புத்தகங்கள் தொலையத்தான் செய்கின்றன. யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கும், இருக்கட்டும்.

முதல் பத்து நிமிடம் நான் சத்தமாக வாசிப்பேன். அடுத்து என்ன ஆகுமோ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "மீதி மேசையில இருக்கு" என்பேன். அந்தப் புத்தகத்துக்குப் போட்டி வரும். விமர்சனம் எழுதச் சொல்வதில்லை. ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா என்றால் அடுத்த வாரம் எல்லோரும் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தைத்தான் தேடுவார்கள். அதற்குப் பதிலாகப் பின் அட்டைக்குள் ஒரு வெற்றுத் தாள் செருகியிருக்கும். விருப்பமிருந்தால் பெயர் போடாமல் ஒரு வரி எழுதலாம். "பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் பொறுத்துக்கோ, அப்புறம் சூப்பர்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. நான் எத்தனை முறை பரிந்துரைத்திருந்தாலும் அந்தப் புத்தகம் அவ்வளவு கை மாறியிருக்காது.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் தொடங்கியபோது நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. நல்ல புத்தகங்கள். ஆனால் மீசை அரும்பும் வயதுப் பையன் வகுப்பே பார்க்க 'நுழை' புத்தகத்தைக் கையில் எடுக்க மாட்டான். அவமானத்துக்குப் பயந்து, படிக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவான். நாமும் அதை நம்பிவிடுகிறோம்.

இதற்கு நான் கண்ட வழி, பக்கத்திலிருக்கும் தொடக்கப் பள்ளி. வெள்ளிக்கிழமை மாலை சில பிள்ளைகளை அங்கே கதை வாசிக்க அனுப்புகிறோம். நான்காம் வகுப்புக்கு வாசிக்க வேண்டுமென்றால் 'நுழை' புத்தகத்தை எடுத்துத்தானே ஆக வேண்டும்? யாரும் கேலி செய்ய முடியாது. தடுமாறக் கூடாதே என்று இரண்டு நாள் முன்பிருந்தே மரத்தடியில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். குரங்கு வரும் இடத்தில் குரலை மாற்றுவார்கள். அங்கே போனதும் பொடிசுகள் "அண்ணா, இன்னொரு தடவை" என்று சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். இப்படிச் சில மாதம் போனதும் 'ஓடு' புத்தகத்தைத் தானே கேட்டு வாங்கிய பையன்கள் உண்டு.

இந்த அடித்தளம் இருந்தால் எழுத்தாளரை அழைக்கலாம். பெரிய விருது வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்திலேயே, பஸ் ஏறி வந்துவிடும் தூரத்தில், சிறார் கதை எழுதுகிறவரோ மொழிபெயர்ப்பாளரோ இருப்பார். சந்திப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அவருடைய கதை ஒன்றை, அவர் சம்மதத்தோடு, நகலெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். சத்தமாக வாசியுங்கள், கதையைப் பற்றிப் பிள்ளைகள் சண்டை போடட்டும். ஷாமியானா வேண்டாம், மேடையும் வேண்டாம். நாற்பது பிள்ளைகள், ஒரு வகுப்பறை, பெஞ்சுகளை வட்டமாகப் போட்டால் போதும். முழுப் பள்ளியும் கேட்க வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்பினால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லலாம்.

கேள்விகளை நாம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லவே கூடாது. கதையைப் படிக்காத பிள்ளை "உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?" என்றுதான் கேட்கும். படித்த பிள்ளை வேறு மாதிரி. ஒரு சந்திப்பில், கடைசி பெஞ்சு மாணவி எழுந்து, "கதையில அந்த அம்மா கடைசி வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசலையே, ஏன் சார்?" என்றாள். வந்திருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ எழுதியிருந்தா என்ன பேச வைப்பே?" என்று திருப்பிக் கேட்டார். அவள் சொன்னாள். இன்னொருத்தி இல்லை என்று மறுத்தாள். அதற்கப்புறம் அரைமணி நேரம் எழுத்தாளர் கேட்டுக்கொண்டிருந்தார், பிள்ளைகள் பேசினார்கள். இதைத்தான் எல்லாப் பள்ளிகளிலும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

செலவு அதிகமில்லை. பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆகும் பணத்தை அவருடைய பயணச் செலவுக்கும் ஒரு சிறு மதிப்பூதியத்துக்கும் கொடுங்கள். எழுதுகிறவர்களை நாம் சும்மா கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அது சரியில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினால் உதவி கிடைக்கிறது. அவருடைய புத்தகங்களில் இரண்டு மூன்று படிகள் அன்றைக்கே மேசையில் இருக்க வேண்டும். ஆர்வம் சூடாக இருக்கும்போது புத்தகம் இல்லையென்றால் எல்லாம் வீண். சந்திப்புக்கான தேதியையும் யோசித்து வையுங்கள். ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் கொண்டாடும் ஆகஸ்ட் 12 எங்களுக்கு வசதியாக இருக்கிறது, காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் நேரமிருக்கும். அரையாண்டு முடிந்துவிட்டால் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை யாரும் விட மாட்டார்கள்.

கோடை விடுமுறையில் நம் பீரோ எப்படியும் பூட்டித்தான் இருக்கும். அப்போது கைகொடுப்பது ஊர்க் கிளை நூலகம். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒருவர்கூட அங்கே உறுப்பினர் இல்லை. கிளை நூலகரை எழுத்தாளர் சந்திப்புக்கு உறுப்பினர் படிவங்களோடு வரச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் அதிகம் பேர் படிவம் வாங்கியது அன்றைக்குத்தான்.