போரில் பட்டது மட்டும்தான் காயமா?

பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் தன்வரலாறு 2023 ஜனவரி 10 அன்று வெளியானது. ஆப்கானிஸ்தான் போரில் எத்தனை பேரைக் கொன்றேன் என்றும், அம்மாவின் சாவு தன் மனதை எப்படிக் காயப்படுத்தியது என்றும் அவர் வெளியில் சொன்னதற்குப் பலரும் அவர்மேல் பாய்ந்தார்கள். அந்தப் பரபரப்பு என்றோ அடங்கிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். என் அறையில் அடங்கவில்லை. இங்கிலாந்தில் மனநல மருத்துவராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய. சமீபத்தில் ஒருவர் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஆப்கானிஸ்தானில் நடந்த எதையோ சொல்லத் தொடங்கினார். கையிலிருந்த காகிதக் கோப்பையின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, துண்டுகளை மேசைமேல் வரிசையாக அடுக்கிக்கொண்டே பேசினார். பாதியில் நிறுத்திவிட்டார். "வேண்டாம் டாக்டர். ஹாரி வாயைத் திறந்ததற்கு ஊரே என்ன சொன்னது என்று பார்த்தேன். இளவரசனுக்கே அந்தக் கதி. நானெல்லாம் எந்த மூலைக்கு?" என்றார். மிச்ச நேரம் முழுக்க அவருடைய முதுகுவலியைப் பற்றித்தான் பேசினோம்.

இவர் ஒருவர் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். ஆளுக்கு ஆள் வார்த்தை மாறுகிறதே தவிர சங்கதி ஒன்றுதான். அதனால் ஹாரிக்குத் தீர்ப்பு எழுதியவர்களிடம் சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. ஹாரிக்கு இன்ன நோய் என்று நான் சொல்லப்போவதில்லை. நேரில் பரிசோதிக்காத ஒரு பிரபலத்துக்கு நோய்ப்பெயர் சூட்டக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே விதி வகுத்தது. 1964 அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் என்ற வேட்பாளரின் மனநிலையை, அவரை ஒரு தடவைகூடப் பரிசோதிக்காத மருத்துவர்கள் ஒரு பத்திரிகைக்காக அலசிக் காயப்போட்ட கூத்தின் விளைவு அது. இத்தனைக்குப் பிறகும், 2023 மார்ச்சில் காபோர் மாட்டே என்ற புகழ்பெற்ற மருத்துவர், புத்தகத்தைப் படித்ததை வைத்து, ஹாரிக்குக் கவனக்குறைபாட்டுக் கோளாறு (ADD) இருப்பதாக அவரிடமே சொன்னார். அதுவும் டிக்கெட் போட்டு நடத்திய இணைய நேரலையில்! எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலரும் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டோம். ஆகவே ஹாரி தன் வாயால் வெளியில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ராணுவக் கதை சுருக்கமாக. 2005-ல் சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சிக் கல்லூரி, 2006-ல் அதிகாரி. 2007-ல் ஈராக்குக்குப் போவதாக இருந்து, ஆபத்து அதிகம் என்று தளபதியே நிறுத்திவிட்டார். அந்த ஆண்டின் கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். 2008 பிப்ரவரியில் செய்தி கசிந்ததும், பத்து வாரத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2012-ல் அப்பாச்சி ஹெலிகாப்டரில் துணை விமானியாகவும் சுடுபவராகவும் மறுபடி ஹெல்மண்ட். 2015-ல் பணியை விட்டார். ஆப்கானிஸ்தானில் இறந்த பிரிட்டிஷ் படையினர் 457 பேர். இளவரசர் என்பதால் பொழுதுபோக்காகப் போய் வந்த இடமில்லை அது.

புத்தகத்தில் 25 பேரைக் கொன்றதாக எழுதினார். வெளியாவதற்கு ஐந்து நாள் முன்பே ஸ்பெயினில் சில கடைகள் விற்கத் தொடங்கிவிட, அந்த எண் மட்டும் தனியாகக் கழன்று உலகத்தைச் சுற்றிவந்தது. தம்பட்டம் அடிக்கிறான் என்றது ஒரு கூட்டம். ராணுவத்தில் யாரும் இப்படிக் கணக்கு வைக்கமாட்டார்கள் என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் கோபப்பட்டார்கள். தாலிபான் தரப்பிலிருந்து அனஸ் ஹக்கானி, செத்தவர்கள் சதுரங்கக் காய்கள் அல்ல, குடும்பம் உள்ள மனிதர்கள் என்றார். சொன்னது சரி. சொன்னவர் யார் என்பது தனிக் கதை.

எண்ணை அச்சில் போட்டது வேண்டாத வேலை என்றுதான் நானும் நினைக்கிறேன். பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொன்று, அப்படிப்பட்ட கணக்கைச் சொல்ல எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து போகாத ஒருவர். முதல் நாளிலேயே 14 லட்சம் பிரதிக்கு மேல் விற்ற புத்தகத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தீர்கள்? அந்த எண் திருப்தியும் தரவில்லை, வெட்கமும் தரவில்லை என்கிறார். எதிரியை மனிதனாகப் பார்க்காதிருக்கத் தன்னைப் பழக்கியிருந்தார்கள் என்கிறார். அந்தப் பழக்கத்தில் ஏதோ கோளாறு இருப்பது தனக்கே தெரிந்தது என்றும் சொல்கிறார். என் அறையில் ஒருவர் இந்த இடம்வரை வந்து சேர்வதற்கு மாதங்கள் ஆகும். கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: அப்பாச்சியில் எல்லாம் கேமராவில் பதிவாகிறது, இறங்கிய பிறகு போட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொள்ள வழியில்லாத போர் அது. அப்புறம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், முன்னாள் வீரர்களின் தற்கொலைகள் குறைய வேண்டும் என்றுதான் அதைச் சொன்னதாக விளக்கினார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

வேடிக்கை என்னவென்றால், ராணுவத்திலிருந்து வந்த ஒருவரிடம் பப்பிலும் கல்யாண விருந்திலும் மாமனார் வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியே "யாரையாவது சுட்டிருக்கிறீர்களா? எத்தனை பேர்?" என்பதுதான். கண்கள் பளபளக்கக் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள். எப்போதாவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால், கேட்டவர் முகம் சட்டென்று மாறும். சுட்டதைவிட அந்த முகம் மாறிய நொடியைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஹாரிக்கு நடந்ததும் அதுதான். பதினைந்து வருஷமாகக் கேட்டீர்கள், சொன்னார், முகத்தைச் சுளித்தீர்கள்.

சரி, இதையாவது பொறுத்துக்கொள்வேன். எனக்கு உண்மையில் எரிச்சலாக இருப்பது வேறு. நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சளைக்காமல் சுற்றியது. "பத்து வருஷம் ராணுவத்தில் இருந்தவன், ஹெலிகாப்டர் ஓட்டியவன், அவனுக்கென்ன மனக்காயம்? போரில் வந்ததென்றால் மரியாதை கொடுக்கலாம். அம்மா செத்து இருபத்தைந்து வருஷம் கழித்து அழுகிறானாம், அரண்மனையில் வளர்ந்தவன்!" நோயாளிகளின் மனைவிகள் சொல்கிறார்கள், அண்ணன்மார் சொல்கிறார்கள், படித்தவர்கள், ஏன், மருத்துவர்களே சொல்கிறார்கள்.

நிதானமாகப் பார்ப்போம். போருக்குப் போனவனுக்கு வரும் மனப் பாதிப்பு போரிலிருந்துதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்துப் படையினரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். 2018-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அதிர்ச்சியின் நினைவு விடாமல் துரத்தும் பாதிப்பு (PTSD) இருக்கக்கூடியவர்கள் மொத்தத்தில் சுமார் 6 சதவீதம். நேரடிச் சண்டையில் இருந்து, பிறகு பணியை விட்டவர்களில் 17 சதவீதம். 17 என்பது சின்ன எண் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே சண்டையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தவர்களில் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை. ஏன் என்று தேடிப்போனால் போருக்கு முந்தைய வாழ்க்கையும் திரும்பி வந்த பிறகான வாழ்க்கையும் குறுக்கே வந்து நிற்கின்றன. சிறுவயதில் பட்டதற்கும் இதற்கும் தொடர்பிருப்பதை அதே குழு முன்பே காட்டியிருக்கிறது. மூளையில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை.

ஹாரி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். காயம்பட்ட படையினருக்காக அவர் தொடங்கிய இன்விக்டஸ் விளையாட்டுகள் பற்றி 2023-ல் வந்த ஆவணத்தொடரில், தன்னைக் குலைத்தது ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியதுதான், ஆனால் மேலே கிளம்பி வந்ததோ பன்னிரண்டு வயதில் அம்மாவை இழந்தது என்கிறார். அவரே போர்மேல் பழி போடவில்லை. போட்டிருந்தால் உங்களில் பாதிப் பேர் சல்யூட் அடித்திருப்பீர்கள். உண்மையைச் சொன்னதால் நோஞ்சான் ஆகிவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு வயதைக் கொஞ்சம் பாருங்கள். 1997 ஆகஸ்ட் 31 விடியலில், பாரிஸ் சுரங்கப்பாதை ஒன்றில் நடந்த கார் விபத்தில் சிக்கிய அம்மா டயானா இறக்கிறார். பையன்கள் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையில் இருக்கிறார்கள். செப்டம்பர் 6 அன்று சவப்பெட்டிக்குப் பின்னால் லண்டன் தெருக்களில் நடக்கிறான் சின்னவன். இருபுறமும் முன்பின் தெரியாதவர்கள் கதறுகிறார்கள், அவன் அழவில்லை. அடக்கம் செய்தபோது ஒரே ஒரு முறை அழுததாகப் பின்னாளில் சொன்னார். பிறகு? அம்மா சாகவில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறாள், ஒருநாள் கூப்பிடுவாள் என்று ஆண்டுக்கணக்கில் நம்பியிருக்கிறார். வளர்ந்த பிறகு விபத்துக் கோப்பின் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். 2007-ல் பாரிஸுக்குப் போனபோது அதே சுரங்கப்பாதையில் அதே வேகத்தில் காரை ஓட்டச் சொல்லியிருக்கிறார். உதவி தேடி ஆலோசகரிடம் போனது 28 வயதில்.

இதைக் கேட்டு நீங்கள் "ஏன் இவ்வளவு லேட்?" என்கிறீர்கள். நாங்கள் "பரவாயில்லை, முப்பதுக்குள் வந்துவிட்டார்" என்போம்.

இடைப்பட்ட காலத்தில் நன்றாகத்தானே இருந்தான் என்பது அடுத்த கேள்வி. நன்றாக வேலை பார்த்தார். அது நன்றாக இருந்ததற்குச் சான்றிதழ் ஆகாது. துக்கத்தை உள்ளே தள்ளிய ஒருவருக்கு ராணுவத்தைவிட வசதியான இடம் கிடைக்காது. எத்தனை மணிக்கு எழுவது, என்ன உடுத்துவது, எங்கே போவது எல்லாம் இன்னொருவர் சொல்வார். சும்மா உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. நண்பர்கள் சுற்றியே இருப்பார்கள். எத்தனையோ பேருக்கு வாழ்க்கையின் மிக அமைதியான வருஷங்கள் அவைதான். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும். கஷ்டம், சீருடையைக் கழற்றிய பிறகு காலியான ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் வரும்.

இது நம்மவர்களுக்குத் தெரியாததா? ஈழத்திலிருந்து எண்பதுகளில் லண்டன் வந்து, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் இன்னொரு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று முப்பது வருஷம் ஓடியவர்களைப் பார்க்கிறேன். ஊரில் நடந்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற கையோடு தூக்கம் போய்விடும். "அப்பா நல்லாத்தானே இருந்தார், திடீரென்று என்ன வந்தது?" என்று மகள் கேட்பார். திடீரென்று எதுவும் வரவில்லை அம்மா.

இனி செய்ய வேண்டியவை.

வீட்டில் சாவு நடந்தால் குழந்தையிடம் "இறந்துவிட்டார்" என்று சொல்லுங்கள். தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார், சாமியிடம் போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லாதீர்கள். தயவுசெய்து. அது வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். இறுதிச் சடங்குக்கு வருகிறாயா என்று கேளுங்கள். அங்கே என்ன நடக்கும் என்று முன்னாலேயே சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரைக் கூடவே நிறுத்துங்கள். எந்தக் குழந்தையையும் சவப்பெட்டிக்குப் பின்னால் அப்படி நடக்கச் சொல்லக் கூடாது என்று 2017-ல் சொன்ன ஹாரியே, அதே ஆண்டு இன்னொரு இடத்தில், அதில் கலந்துகொண்டது நல்லதுதான் என்றும் சொன்னார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். "நீதான் இனி அம்மாவுக்குத் துணை", "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று சொல்லும் சித்தப்பாவை மட்டும் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப்போங்கள். அழாத குழந்தையைச் சமர்த்து என்று பாராட்டாதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், படிப்பில் சரிவு, காரணமில்லாத அடிதடி எல்லாவற்றையும் சேட்டை என்று எழுதிவிட வேண்டாம். செத்தவரின் பெயரை வீட்டில் சாதாரணமாகப் புழங்க விடுங்கள்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு, சைல்ட் பிரீவ்மெண்ட் யூகே என்ற அமைப்பு பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் உதவுகிறது. 1994-ல் அது தொடங்கப்பட்டபோது வந்து நின்றவர் டயானா. மூன்று வருஷத்தில் அவருடைய பிள்ளைகளுக்கே அது தேவைப்பட்டது.

படையிலிருந்து வந்தவரிடம் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், கூட யார் இருந்தார்கள், இப்போதும் பேசிக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். மீதியை அவருக்குத் தோன்றினால் சொல்வார். சொன்னால் முகத்தை மாற்றாதீர்கள், தத்துவமும் வேண்டாம், "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதைவிட மோசம்" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். தூக்கமின்மை, குடி, கோபம், தனியே ஒதுங்குவது கூடிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால், அன்றைக்கே. பிரிட்டனில் 116 123, இந்தியாவில் 14416; இரண்டும் எந்நேரமும் எடுப்பார்கள்.

கடைசியாக, படையில் இருந்தவர்களுக்கு நேரடியாக: குடும்ப மருத்துவரிடம் போகும்போது ராணுவத்தில் இருந்ததை வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருடைய கணினியில் அது இருக்காமல் போகலாம். இங்கிலாந்தில் முன்னாள் படையினருக்கென்று தேசிய சுகாதாரச் சேவை நடத்தும் 'ஆப் கரேஜ்' (Op COURAGE) என்ற மனநல உதவி இருக்கிறது. யாருடைய சிபாரிசும் வேண்டாம், நீங்களே தொடர்புகொள்ளலாம், உங்களுக்காக உங்கள் மனைவியும் கேட்கலாம். போருக்கே போகாமல் முகாமில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவராக இருந்தாலும் வரலாம். உங்கள் அம்மா செத்ததைப் பற்றிப் பேசத்தான் வந்தீர்கள் என்றாலும் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.