சேமிப்பக இயக்கி: ஒரு சொல்லும் அதனோடு குழம்பும் இன்னொரு சொல்லும்

விண்டோஸை நிறுவும்போது, எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் சில வேளைகளில் பட்டியல் வெறுமையாக இருக்கும். டிரைவ் எதுவும் தென்படவில்லை என்றும், ஸ்டோரேஜ் டிரைவரைப் பெற ‘லோட் டிரைவர்’ என்பதைச் சொடுக்கவும் என்றும் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு மட்டும் நிற்கும். டிரைவ், டிரைவர் இரண்டையும் ‘இயக்கி’ என்றே எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதன்படி இக்குறிப்பைத் தமிழாக்கினால், ‘இயக்கிகள் எவையும் இல்லை, இயக்கியைப் பெற இயக்கியை ஏற்றுக’ என்று வரும். இதைப் படிப்பவர் வட்டு பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து புதியது வாங்கக் கிளம்பினால், பிழை அவருடையதன்று.

டிரைவர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், கால்நடைகளை ஓட்டிச் செல்வதைக் குறித்த பழைய வினை. மந்தையை ஓட்டியவர், பின்னர் வண்டியை ஓட்டியவர் என்று ஆளைச் சுட்டிவந்த அச்சொல், கணினித் துறையில் ஒரு சாதனத்தைச் செயல்பட வைக்கும் மென்பொருளுக்குப் பெயராயிற்று. தமிழில் வண்டிக்கு ஓட்டுநர், நிறுவனத்திற்கும் திரைப்படத்திற்கும் இயக்குநர் என்கிறோம். ‘நர்’ விகுதி மனிதருக்கு உரியது, மென்பொருளுக்குப் பொருந்தாது. மண்வெட்டி, வடிகட்டி, மின்கடத்தி ஆகியவற்றில் வினையோடு ‘இ’ விகுதி சேர்ந்து அவ்வினையைச் செய்யும் கருவிக்குப் பெயராவது போல, இயக்கு என்ற பிறவினையோடு ‘இ’ சேர்ந்து இயக்கி ஆகிறது. ‘செலுத்தி’ என்பதையும் கருதலாம். ஆனால் செலுத்துதல் என்றதும் ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு அனுப்புவதே மனத்தில் எழுகிறது. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்து வழிபடும் ‘பூங்கண் இயக்கி’க்கும் நம் இயக்கிக்கும் உறவில்லை. அந்தப் பெண்தெய்வத்தின் பெயர் யட்சி என்ற வடசொல்லின் தமிழ் வடிவம், எழுத்தொப்புமை தற்செயலானது.

டிரைவ் என்பதன் கதை வேறு. காந்தப் பூச்சுள்ள தட்டை மோட்டாரால் சுழற்றும் பொறிக்கு ‘டிஸ்க் டிரைவ்’ என்று பெயர் வைத்தார்கள். சுழற்றும் பகுதி இருந்ததால் இயக்ககம், வட்டியக்ககம் என்ற தமிழாக்கங்கள் அன்று சரியாகவே இருந்தன. தரவை மின்சில்லுகளில் வைக்கும் இன்றைய எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. வட்ட வடிவமும் இல்லை. ஆகவே இயக்ககம், வட்டு இரண்டுமே அதற்குக் கண்டிப்பாகப் பொருந்துபவை அல்ல. ஆனாலும் வட்டு என்பது பழகிய சொல். இயக்கியோடு குழம்பவும் வழியில்லை. தரவைத் தாங்கும் பொருளை வட்டு அல்லது சேமிப்பகம் என்றும், அதனோடு பேசும் மென்பொருளைச் சேமிப்பக இயக்கி என்றும் பிரித்து எழுதுவதே என் தேர்வு. அப்போது மேற்கண்ட குறிப்பு, ‘வட்டு எதுவும் தென்படவில்லை, சேமிப்பக இயக்கியைப் பெற, இயக்கியை ஏற்று என்பதைச் சொடுக்குக’ என்று ஐயமின்றி அமையும்.

இயங்குதளத்தை மேம்படுத்தியபின் ஒலி இயக்கியோ அச்சுப்பொறி இயக்கியோ ஒத்துழைக்க மறுத்தால் ஓசை வராது, தாள் வராது. கணினி என்னவோ இயங்கிக்கொண்டுதான் இருக்கும். சேமிப்பக இயக்கியின் நிலை அப்படியன்று. வட்டைப் படிக்க இயக்கி வேண்டும். அந்த இயக்கியோ வட்டுக்குள்ளேயே கிடக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க, கணினி தொடங்கும்போது தொடக்க ஏற்றி என்னும் சிறு நிரல், தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான நிலைபொருள் தரும் எளிய படிப்பு வசதியைக் கடன் வாங்கி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலையும் (கெர்னல்) தொடக்கத்திற்குத் தேவையான இயக்கிகளையும் நினைவகத்திற்குக் கொண்டுவருகிறது. அதன்பின் கருநிரல் பொறுப்பேற்று, தன் சொந்த இயக்கியின் வழியாகவே வட்டை அணுகுகிறது. இந்தக் கைமாற்றத்தில்தான் பிழை வெளிப்படும். விண்டோஸின் சின்னம் தோன்றி, அதன் கீழே புள்ளிகள் சில நொடிகள் சுழன்று, பின்னர் திரை நீலமாக மாறுவது இதனால்தான். சின்னம் வந்தது என்பதே வட்டு படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. அதைக் கவனித்தவர் வட்டைக் கழற்றுவதற்கு முன் இயக்கியைத்தான் ஐயுறுவார்.

இது நேரும் வழிகள் பல. வட்டோடு பேசுவதற்கு ஐடிஇ என்ற பழைய முறையும் ஏஎச்சிஐ என்ற பிந்தைய முறையும் உண்டு. விண்டோஸ் 7 ஐடிஇ முறையில் நிறுவப்பட்டிருந்தால், ஏஎச்சிஐ முறைக்கான இயக்கி கணினியில் இருந்தும் தொடக்கத்தில் ஏற்றப்படாது; பயாஸ் என்னும் நிலைபொருளின் அமைப்பில் முறையை மட்டும் மாற்றினால் நீலத்திரை வந்துவிடும். அதே விண்டோஸ் 7இல், என்விஎம்இ என்ற விரைவான நெறியில் பேசும் எஸ்எஸ்டி வட்டுகளுக்கான இயக்கியே உள்ளடங்கியிருக்கவில்லை. தனியே திருத்தம் சேர்க்க வேண்டியிருந்தது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலி கொண்ட பல மடிக்கணினிகளில், வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அதற்குரிய இயக்கியைக் கையால் ஏற்றும்வரை விண்டோஸ் 10இன் நிறுவல் திரையில் வட்டு தென்படாது. தொடக்கத்தில் சொன்ன வெற்றுப் பட்டியலுக்கு இது அடிக்கடி காணும் காரணம்.

லினக்ஸிலும் இது உண்டு. 2019இல் வெளிவந்த ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, வட்டுகளைக் கணினியோடு இணைக்கும் பழைய சேமிப்பக அட்டைகள் பலவற்றுக்கான இயக்கிகளை நீக்கிவிட்டது. முந்தைய பதிப்பில் ஆண்டுக்கணக்கில் உழைத்த அட்டை, புதிய பதிப்பின் கண்ணுக்கு இல்லாத பொருளாயிற்று. அட்டை தேயவும் இல்லை, வட்டு கெடவும் இல்லை. அவற்றோடு பேசத் தெரிந்தவர் வேலையிலிருந்து விலகிவிட்டார், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலைச் சுட்டும் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற சொல்லுக்கு ஒத்திசைவு, பொருத்தம், இணக்கம் என மூன்று சொற்கள் உலவுகின்றன. கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள தரவை ஒன்றுபோல வைத்திருக்கும் செயலுக்கு ஒத்திசைவு நிலைத்துவிட்டதால் அதை இங்கே இழுக்க வேண்டாம். பொருத்தம் தவறில்லை, ஆனால் செருகியும் துளையும் அளவில் சேர்வது போன்ற வடிவப் பொருத்தத்தையே அது முதலில் நினைவூட்டுகிறது. இணக்கம் என்பதில் இரு தரப்பும் ஒரே நெறிக்கு உடன்படுகின்றன என்ற பொருள் இருக்கிறது. இயக்கியும் கருநிரலும் இன்ன முறையில் கேட்பது, இன்ன முறையில் விடையளிப்பது என்ற உடன்பாட்டில்தான் வேலை செய்கின்றன. பதிப்பு மாறும்போது அந்த உடன்பாட்டை ஒரு தரப்பு மாற்றிவிடுகிறது. இயங்கு, இயக்கம் என்று வருவது போலவே இணங்கு, இணக்கம் என்று வருவதால் காதுக்கும் அது அயலாக இல்லை.

அப்கிரேடு, அப்டேட் இரண்டையும் மேம்படுத்தல், புதுப்பித்தல் என்று பிரித்தே எழுத வேண்டும். பதிப்பையே மாற்றும் மேம்படுத்தலில் இணக்கமின்மை நேரும் வாய்ப்பு அதிகம். சிறு திருத்தங்களைச் சேர்க்கும் புதுப்பித்தலில் குறைவு.

மேற்சொன்ன நீலத்திரையில் வழக்கமாகக் காணப்படும் தொடரை ‘தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை’ என்று தமிழாக்கலாம். ‘பழுது’ என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் இதில் நுழைத்துவிடக் கூடாது. மூலத்தில் அது இல்லை.